நடுவில் பதினோரு விநாடி

ராயப்பேட்டை மணிக்கூண்டு தாண்டி உள்ளே திரும்பும் சந்தில்
மாடியில் அச்சுக்கடை.
ஏசி ரிப்பேர். பெடஸ்டல் ஃபேன் முன்னால்
இருபத்தொரு படங்கள் காய்கின்றன,
வடகம் மாதிரி.

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி
ஆறு ஊர்கள் போய் வந்தேன்.
எங்கே இறங்கினாலும் முதலில் தேடியது
விரிசல் விட்ட ஒரு சுவரை.
கிடைத்தது.
எந்த ஊரில்தான் கிடைக்காது.

நாளை மறுநாள் கண்காட்சி.
படம் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒட்ட
ஒரு வரி எழுதித் தர வேண்டும்.
எழுதித்தான் வைத்திருந்தேன்.

பூட்டிய தியேட்டர்: கடைசிக் காட்சி முடிந்த ஊர்.
ஆளில்லாத பஸ் ஸ்டாண்ட்: யாரும் வராத வழி.
சுவரோரம் குந்தியிருப்பவர்: வானம் பார்த்து.

ஆழ்வார்ப்பேட்டையில் காலரி நடத்துபவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"மண்வாசனை அடிக்குதுப்பா" என்றார்.
எனக்கு மையின் நெடிதான் அடித்தது.
இருந்தும் தலையை ஆட்டினேன்.

மவுண்ட் அட்டை வெட்டும் தௌலத் நிஷா
ஸ்கேலோரம் பிளேடை நிறுத்தினாள்.
"இந்தப் பச்சை கேட்டு...
சார், இது எங்க ஊரு."
பெருமை எதுவும் இல்லை அந்தக் குரலில்.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை
அடையாளம் கண்டுகொண்டது போல, அவ்வளவுதான்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"
"ரெண்டரை, ரெண்டே முக்கால்."
"மே மாசமா?"
"ஆமா."
"அந்நேரத்துக்கு எவன் சார் வெளியே வருவான்?"

தியேட்டருக்குள் இப்போது ஷட்டில் கோர்ட்டாம்.
ஸ்கிரீன் இருந்த இடத்தில் ஸ்கோர் போர்டு.
ராத்திரி ஏழுக்கு மேல் இடம் வேண்டுமென்றால்
முதல் நாளே வாட்ஸப்பில் சொல்லிவைக்க வேண்டும்.
அவள் அக்கா அங்கேதான்
முட்டியை உடைத்துக்கொண்டாள்.

"இவரு வானத்தையா பாக்குறாரு?"
சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல்,
"ஏலச்சீட்டு ஞானசிகாமணி சார் இவரு.
எதிர் மாடியில எவனாவது தவணை கட்டாம
கதவைச் சாத்திக்கிட்டு இருப்பான்.
அந்த ஜன்னலைப் பாத்துட்டிருக்காரு.
மூணு லாரி ஓடுது அவருக்கு."

சரி, செழிப்பான ஊர் என்று
மாற்றிவிடலாமா என்றேன்.
பிளேடு மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.
"நல்ல ஊருன்னு யாரு சொன்னா?
தண்ணி லாரி எங்க தெருவுக்கு எப்பவும் கடைசிதான்.
பாதி நாள் வராமலே திரும்பிடும்.
அது உங்க படத்துல இல்லையே."

இல்லை.
லேப்டாப்பில் ஒதுக்கிவைத்த ஃபோல்டரைத் திறந்தேன்.
எண்ணூற்றுச் சொச்சம்.
ஜெர்மன் வகுப்பு விட்டு வரும் நர்சிங் பெண்கள்,
ஒருத்தி வாயைக் குவித்து எதையோ உச்சரித்துக்கொண்டு.
ஸ்கூட்டர் ஷோரூம் பூஜையில் தூங்கிவழியும் மேனேஜர்.
வரிசையில் குடங்கள், பின்னால் சண்டை.
ஃபோகஸ் சரியில்லை என்று நான் கழித்தது.
ஃபோகஸ் சரியாகவே இருந்தது.

தியேட்டர் படத்துக்கு முந்தைய ஃப்ரேமில்
கேட்டருகே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி,
அதன்மேல் டிஃபன் பாக்ஸ், ஒரு ஷட்டில் பேட்.
அடுத்த ஃப்ரேமில் நாற்காலி இல்லை.
நடுவில் பதினோரு விநாடி.
அந்தப் பதினோரு விநாடியில்
என் கை என்ன செய்தது என்று
எனக்குத் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே மணி இரண்டே முக்கால்.
செருப்புக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
ஆட்டோவுக்கடியில் நாய்.
மீன்பாடி வண்டிமேல் குப்புறப் படுத்த ஒருவர்.
சென்னையை விட்டு எல்லோரும் போய்விட்டார்கள் என்று
வேறு ஊரிலிருந்து வந்த யாராவது
எழுதிக்கொள்ளலாம்.

பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்:
கொண்டூர், மே 11, பிற்பகல் 2.40.
நாற்காலியை நான் நகர்த்தினேன்.

தௌலத் நிஷா வாங்கிப் படித்தாள்,
உதடு அசைய, இரண்டு தரம்.
"மேலக்கொண்டூர்னு போடுங்க சார்.
கீழக்கொண்டூர்க்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க."